பித்தளை வட்டப் பாகைமானி: அரை வட்டம் போதாதா?

சாதாரண தரப் பிள்ளைகளின் கேத்திரகணிதப் பெட்டியில் இருப்பது அரைவட்டப் பாகைமானி. பிளாஸ்ரிக், 0 முதல் 180 வரை, உள்ளும் புறமுமாக இரண்டு வரிசை எண்கள். எந்தக் கோணத்தையும் அதை வைத்தே வரைந்துவிடலாம். 180ஐத் தாண்டினால் கருவியைத் திருப்பி வைத்தால் சரி. பிறகு ஏன் பழைய சேவயர்மாரின் மரப்பெட்டிகளுக்குள் ஆறு அங்குல அகலத்தில் ஒரு முழுப் பித்தளை வட்டம் படுத்திருக்கிறது?

“360 பாகையும் ஒரே தடவையில் கிடைக்கும்” என்பார்கள். அது வசதி, மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதிக்காக மட்டும் யாரும் இவ்வளவு பித்தளையையும் கைவேலையையும் செலவழித்திருக்க மாட்டார்கள். முழு வட்டத்தில் ஒரே கோணத்தை எதிரெதிரான இரண்டு இடங்களில் வாசிக்கலாம். இரண்டு வாசிப்பும் ஒத்துப்போகாவிட்டால் கருவியில் எங்கோ பிழை இருப்பது தெரிந்துவிடும்; இரண்டின் சராசரியை எடுத்தால் அந்தப் பிழையின் பெரும்பகுதி காணாமலே போய்விடும். அரை வட்டத்தில் இதற்கு வழியில்லை.

பிள்ளையின் பாகைமானியை வாங்கி இப்போதே பார்க்கலாம். அதன் ஆரை 50 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நேர்கோட்டை வரைந்து, அதில் ஒரு புள்ளியைக் குறியுங்கள். பாகைமானியின் மையம் அந்தப் புள்ளியில் இருக்க வேண்டும். வேண்டுமென்றே கோட்டின் வழியே 1 மில்லிமீற்றர் இடப்பக்கம் தள்ளி வையுங்கள். 90க்கு நேரே புள்ளியிட்டு, பாகைமானியை எடுத்துவிட்டு, இரண்டு புள்ளிகளையும் இணையுங்கள். கிடைப்பது 90 பாகை அல்ல, ஏறத்தாழ 91 பாகை 9 கலை. (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை.) பென்சில் கோட்டின் தடிப்பில் மூன்று நான்கு மடங்கு விலகியதற்கே ஒரு பாகைக்கு மேல் போய்விட்டது.

பரீட்சையில் அதற்கு ஒரு புள்ளி குறையலாம். காணிப் பிளானில் அப்படி விட முடியாது. 30 மீற்றர் நீளமான எல்லைக் கோடு ஒன்று ஒரு பாகை திரும்பினால் அதன் மறுமுனை 52 சென்ரிமீற்றர் நகரும். இடையில் விழும் கூரான முக்கோணத்தின் பரப்பு 7.85 சதுர மீற்றர். ஒரு பேர்ச் என்பது 25.29 சதுர மீற்றர். ஆக, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பேர்ச். வெள்ளவத்தைப் பக்கம் காணி விலை விசாரித்துப் பார்த்தவருக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

வளையத்தில் என்ன இருக்கிறது

நல்ல வட்டப் பாகைமானியில் முதலில் கண்ணில் படுவது விளிம்பு வளையம். விட்டம் பெரும்பாலும் 150 மில்லிமீற்றர். அதில் 0 முதல் 360 வரை வலஞ்சுழியாக எண்கள். ஒவ்வொரு பாகையும் இரண்டாகப் பிரிந்து அரைப் பாகைக் கோடுகள். எண்கள் வலஞ்சுழியாக ஓடுவதற்குக் காரணம் இது திசைகோள் வரைவதற்கான கருவி என்பதுதான்: திசைகோளை வடக்கிலிருந்து வலஞ்சுழியாகவே எண்ணுகிறோம். பாடசாலைப் பாகைமானியின் உள்வரிசைக்குப் பழகிய கண் இங்கே முதல் நாள் கட்டாயம் தடுமாறும்.

வளையத்தின் நடுவே குறுக்குச் சட்டம். அதன் நடுவில் சின்னக் கண்ணாடி, கண்ணாடியில் கீறிய சிலுவைக் குறி. அந்தக் கீறல் கண்ணாடியின் அடிப்பக்கத்தில், கடதாசியைத் தொடும் முகத்தில் இருக்க வேண்டும். மேல்முகத்தில் இருந்தால் கண்ணாடியின் தடிப்பு இடையே வந்து இடமாறு தோற்ற வழு உண்டாகும்: தலையைச் சற்று அசைத்தால் குறியும் புள்ளிக்கு மேலே அசையும்.

மையத்தைச் சுற்றித் திரும்பும் கை ஒன்று உண்டு. அதன் இரு நுனிகளிலும் வேணியர் அளவிடை. சில கருவிகளில் ஒரு நுனியில் மட்டும். கையின் இரு பக்கமும் மடித்து விரிக்கும் நீட்சிகள் இருக்கும். விரித்தால் அவை வளையத்துக்கு வெளியே நீண்டு நிற்கும். ஒவ்வொன்றின் முனையிலும் கீழ்நோக்கி ஓர் ஊசி. விரலால் அழுத்தினால் ஊசி கடதாசியில் குத்தும், விட்டால் வில் அதைத் தூக்கிவிடும். கையைப் பூட்ட ஒரு திருகு, பூட்டிய பின் மயிரிழை அளவில் நகர்த்த இன்னொரு நுண்திருகு.

பித்தளை ஏன்? செம்பும் நாகமும் கலந்த இந்த உலோகத்தில் உளி இழுக்கும் கோடு பிசிறில்லாமல் விழும். துருப்பிடிக்காது. காந்தத்தோடு ஒட்டாது, திசைகாட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து வேலை செய்யலாம். வெயிலுக்கு விரியுமே என்றால், விரியும். ஆனால் வளையம் முழுவதும் ஒரே அளவில் சூடானால் எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில்தான் பெருக்கும், கோணம் மாறாது. யன்னல் வெயில் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்தால்தான் வம்பு.

வேணியரை வாசித்தல்

அரைப் பாகைக் கோடுகள் மட்டும் இருக்கும் வளையத்தில் ஒரு கலையை எப்படி வாசிப்பது? 75 மில்லிமீற்றர் ஆரையில் ஒரு பாகையின் நீளம் 1.31 மில்லிமீற்றர். ஒரு கலைக்கு 0.022 மில்லிமீற்றர்கூட இல்லை. அவ்வளவு நெருக்கமாகக் கோடு போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. பியர் வேர்ணியர் என்ற பிரெஞ்சுக்காரர் 1631இல் வெளியிட்ட உபாயம் இதைத் தீர்க்கிறது. உயர்தர பௌதிகவியல் படிப்போர் வேணியர் இடுக்கிமானியில் காண்பதும் அதையே. இங்கே அது வளைந்திருக்கிறது, அவ்வளவே.

பிரதான அளவிடையின் 29 பிரிவுகளை, அதாவது பதினான்கரைப் பாகையை, வேணியரில் 30 சம பிரிவுகளாக்குகிறார்கள். பிரதான அளவிடையின் ஒரு பிரிவு 30 கலை. வேணியரின் ஒரு பிரிவு 29 கலை. வித்தியாசம் ஒரு கலை. அதுதான் கருவியின் இழிவெண்ணிக்கை, அதாவது அதில் வாசிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு.

வேணியரின் பூச்சியக் கோடு 112 பாகை 30 கலையைத் தாண்டி, 113ஐ எட்டாமல் நிற்கிறது என்று வைப்போம். இப்போது வில்லையைக் கையில் எடுத்து வேணியரின் கோடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 16ஆவது கோடு எதிரே உள்ள கோட்டுக்கு ஒரு பக்கம் சற்று விலகியிருக்கும், 18ஆவது மறுபக்கம் விலகியிருக்கும், 17ஆவது ஒரே கோடாகத் தொடரும். வாசிப்பு 112 பாகை 30 கலையுடன் 17 கலை: 112 பாகை 47 கலை.

புதியவர்கள் சறுக்கும் இடம் அந்த 30 கலைதான். அரைப் பாகைக் கோட்டை மறந்துவிட்டு 112 பாகை 17 கலை என்று எழுதிவிடுவார்கள். இதற்கு மருந்து, வேணியரைப் பார்க்கும் முன்பே பூச்சியக் கோடு நிற்கும் இடத்தை வெறும் கண்ணால் மதிப்பிட்டு எழுதிவைப்பது. “112 முக்காலுக்குக் கிட்ட” என்று ஓரத்தில் எழுதியவர் 112 பாகை 17 கலை என்று ஏமாற மாட்டார்.

மையம் விலகினால்

வளையத்தில் கோடுகள் ஒரு மையத்தைச் சுற்றிப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கை திரும்புவது அச்சாணியைச் சுற்றி. இரண்டும் ஒரே புள்ளியில் இருக்க வேண்டும். எந்தக் கைவினைஞரும் இதைப் பூரணமாகச் செய்ததில்லை. செய்தாலும் அச்சாணித் துளை தேயத் தேய விலகிவிடும். 75 மில்லிமீற்றர் ஆரையில் அச்சாணி 0.1 மில்லிமீற்றர் விலகினால் வாசிப்பில் 4.6 கலை வரை பிழை வரலாம். ஒரு கலைக்கு வேணியர் வைத்த கருவியில் நான்கரைக் கலைப் பிழை என்றால், அந்த வேணியர் வெறும் அலங்காரம்.

இனி எதிரெதிர் வாசிப்பு இதை எப்படிச் சரிசெய்கிறது என்று பார்ப்போம். உண்மை மையத்தினூடாகப் போக வேண்டிய கை, அச்சாணி விலகியதால், தனக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. கை மேலும் கீழுமாக நிற்பதாக நினையுங்கள். மேல்நுனி வலப்பக்கம் தள்ளிப்போனால் கீழ்நுனியும் வலப்பக்கமே தள்ளிப்போகும். ஆனால் எண்கள் வலஞ்சுழியாக அல்லவா ஓடுகின்றன? வட்டத்தின் மேற்பகுதியில் வலப்பக்கம் போனால் எண் கூடும். கீழ்ப்பகுதியில் வலப்பக்கம் போனால் எண் குறையும். ஒரு நுனி எவ்வளவு கூட்டிச் சொல்கிறதோ, மற்ற நுனி அவ்வளவே குறைத்துச் சொல்கிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் பிரித்தால் பிழைகள் ஒன்றையொன்று வெட்டிவிடும்.

எண்களில்: முதல் வேணியர் 47 பாகை 13 கலை காட்டுகிறது. எதிர் வேணியர் 227 பாகை 5 கலை. அதிலிருந்து 180ஐக் கழித்தால் 47 பாகை 5 கலை. சராசரி 47 பாகை 9 கலை. எழுத வேண்டியது இதை. பழக்கப்பட்டவர்கள் பாகையை முதல் வேணியரிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டு கலைகளை மட்டும் சராசரி பார்ப்பார்கள். 180ஐக் கழிக்கும் வேலையும் அதில் வரும் தவறும் மிச்சம்.

ஒரே வேணியர் உள்ள கருவியா? அதற்கும் வழியுண்டு. கையை 47 பாகையில் வைத்து இரு ஊசிகளாலும் குத்துங்கள். பிறகு கையை அரைச் சுற்றுத் திருப்பி 227 பாகையில் வைத்து மீண்டும் குத்துங்கள். இரண்டு சோடித் துளைகளும் தரும் கோடுகள் ஒரே திசையில் போக வேண்டும். போகாவிட்டால் இரண்டுக்கும் நடுவிலுள்ள திசையே சரியானது.

கோடுகளைப் போட்டவர்கள், அந்த ஒரு மாதிரியான மனிதர்

வட்டத்தை 360 ஆகப் பிரிப்பது சுலபமாகத் தோன்றும். கவராயத்தை ஆரை அளவுக்கு விரித்து வட்டத்தில் வெட்டினால் 60 பாகை கிடைக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதை இருகூறாக்கினால் 30, மீண்டும் 15, மீண்டும் ஏழரை, அதன்பின் 3 பாகை 45 கலை. எத்தனை முறை இருகூறாக்கினாலும் ஒரு பாகை வராது. எங்கோ ஓரிடத்தில் மூன்றாகவோ ஐந்தாகவோ பிரிக்க வேண்டும். கவராயத்தால் அது தட்டித் தடவிச் செய்யும் வேலை.

இதைச் சுற்றிப்போக லண்டன் கைவினைஞர்கள் கண்ட குறுக்குவழிகள் அழகானவை. ஜோர்ஜ் கிரகாம் கால்வட்டத்தை 90 ஆகப் பிரித்ததோடு, பக்கத்தில் 96 ஆகவும் பிரித்து வைத்தார். 96 பிரிவுகளில் 60 பாகைக்கு 64 வரும். 64ஐ ஒன்றுவரை இருகூறாக்கிக்கொண்டே போகலாம். ஜோன் பேர்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். 85 பாகை 20 கலைக்குரிய நாணைக் கணக்கிட்டு அதிலிருந்து தொடங்கினார். ஏன் அந்த விசித்திர எண்? 85 பாகை 20 கலை என்பது 5,120 கலை; அதாவது ஐந்து கலைகள் 1,024. பத்து முறை இருகூறாக்கினால் சரியாக ஐந்து கலையில் போய் நிற்கும்.

ஆனால் எல்லாம் கையால், ஒவ்வொரு கோடாக. கடலில் போகும் ஒவ்வொரு மாலுமிக்கும் செக்ஸ்டன்ட் (சூரியன், விண்மீன்களின் உயரக் கோணத்தை அளக்கும் கருவி) வேண்டும் என்றால் இந்த வேகம் கட்டுப்படியாகாது. அதை மாற்றியவர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன்.

1735இல் யோர்க்ஷயரில் ஹலிஃபக்ஸ் அருகே பிறந்தவர். தந்தை சத்திரம் நடத்தினார். முதலில் பழகியது துணித் தொழில். லண்டனுக்கு வந்து, இருபது வயதைத் தாண்டிய பிறகுதான் கருவி செய்பவர் ஒருவரிடம் பயிலுநராகச் சேர்ந்தார். அந்தக் காலக் கணக்கில் அது மிகவும் பிந்திய வயது. சில ஆண்டுகளில் சொந்தக் கடை. வில்லைத் தொழிலில் பெயர்பெற்ற ஜோன் டொலண்டின் மகள் சாராவை மணந்தார். பிறகு பிக்கடிலியில் பெரிய பட்டறை.

அவருடைய பிரிக்கும் இயந்திரத்தின் நடுவே 45 அங்குல விட்டமுள்ள வெண்கலச் சக்கரம். அதன் விளிம்பில் 2,160 பற்கள். பற்களோடு ஒரு திருகு பொருந்தி நிற்கும். திருகு ஒரு முறை சுற்றினால் சக்கரம் ஒரு பல் நகரும். 360 பாகையில் 21,600 கலைகள். 2,160ஆல் வகுத்தால் 10. ஆக, ஒரு சுற்றுக்குப் பத்துக் கலை, ஆறு சுற்றுக்கு ஒரு பாகை. திருகின் தலை 60 ஆகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு பிரிவு பத்து விகலை. பிரிக்க வேண்டிய வளையத்தைச் சக்கரத்தின் மேல் மையம் பார்த்துப் பொருத்தி, மிதிகட்டையை மிதித்து, உளியை இழுக்க வேண்டியதுதான். அவ்வளவு நேர்த்தியான திருகை அப்போது எங்கும் வாங்க முடியாததால், அதைக் கடைவதற்கான கடைசல் இயந்திரத்தையும் அவரே முதலில் செய்துகொண்டார்.

இந்த இயந்திரம், அவர் செய்ததில் இரண்டாவது, 1770களின் நடுவில் நிறைவேறியது. பிரித்தானிய நெடுங்கோட்டுச் சபை (கடலில் நெடுங்கோடு காணும் வழிகளை ஊக்குவித்த அரச சபை) அதற்கு 615 பவுண் கொடுத்தது: 300 வெகுமதி, 315 இயந்திரத்தின் உரிமைக்கு. நிபந்தனைகளும் இருந்தன. செய்முறையை மற்றக் கைவினைஞருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்; மற்றவர்கள் கொண்டுவரும் கருவிகளுக்கும் ஒக்டன்ட் (செக்ஸ்டன்ட் போன்ற இன்னொரு கருவி) ஒன்றுக்கு மூன்று ஷில்லிங், செக்ஸ்டன்ட் ஒன்றுக்கு ஆறு ஷில்லிங் கூலியில் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். 1777இல் விளக்கம் அச்சானது. அந்த இயந்திரம் இன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் சேகரிப்பில் இருக்கிறது.

கோணத்தில் பத்து விகலை பார்த்த மனிதருக்கு நாட்காட்டி மட்டும் பிடிபடவில்லை. ஆங்கில, பிரெஞ்சு வானாய்வகங்களை இணைக்கும் அளவைக்காக ஜெனரல் வில்லியம் ரோய் 1784இல் ஒரு பெரிய தியோடலைட் (கோணம் அளக்கும் நில அளவைக் கருவி) கேட்டார். மூன்றடி வட்டம், எடை 200 இறாத்தல் அளவில். வந்து சேர்ந்தது 1787இல். ரோய் வெளிப்படையாகவே கோபப்பட்டார். டப்ளினுக்குப் பக்கத்திலுள்ள டன்சிங்க் வானாய்வகத்தின் கதை இன்னும் மோசம். 1780களில் பத்தடி வட்டம் ஒன்றுக்குச் சொல்லிவைத்தார்கள். பத்தடியில் தொடங்கினார், திருப்தியில்லை, விட்டார். ஒன்பதடியில் தொடங்கினார், அதையும் விட்டார். கடைசியில் எட்டடி. அது 1808இல் டப்ளின் போய்ச் சேர்ந்தபோது ராம்ஸ்டன் இறந்து எட்டு வருடம். முடித்துக் கொடுத்தவர் அவருடைய பட்டறையில் இருந்த மத்தியூ பேர்ஜ்.

மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் அழைப்புக்கு அவர் குறித்த நாளில், குறித்த மணிக்குச் சரியாக, ஆனால் ஒரு வருடம் பிந்திப் போனார் என்றொரு கதை சொல்வார்கள். கதைதான், ஆனால் டப்ளின்காரர்கள் நம்பியிருப்பார்கள். மாலையில் அடுப்படியில் அமர்ந்து, ஒரு பக்கம் பூனை, மேசையில் ஒரு குவளை போர்ட்டர் பியரும் வெண்ணெய் தடவிய பாணும், சுற்றிவரப் பயிலுநர்கள், வாயில் ஏதோ பாட்டு, கையில் வரைபடம் என்ற சித்திரத்தையும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சிசிலியிலிருந்து வந்த வானியலாளர் பியாற்சி மட்டும் அவரை வென்றார். லண்டனிலேயே தங்கி, பட்டறைக்கு நடையாய் நடந்து, 1789இல் தன் ஐந்தடி வட்டத்தை வாங்கிக்கொண்டே பலெர்மோ போனார். 1801 ஜனவரி 1ஆம் திகதி சீரஸ் என்ற குறுங்கோளைக் கண்டது அந்தக் கருவியில்தான்.

நமது விடயத்துக்கு முக்கியம் அது ஒரு முழு வட்டம் என்பது. அதுவரை பெரிய வானாய்வகங்கள் நம்பியிருந்தது சுவரில் பொருத்திய கால்வட்டங்களை. கால்வட்டத்தில் மையம் விலகினால் கண்டுபிடிக்க எதிர்முனை இல்லை. எதிரெதிராக நுணுக்குக்காட்டி வைத்து வாசிக்கக்கூடிய முழு வட்டமே மேல் என்று ராம்ஸ்டன் வற்புறுத்தினார். மேசைமேல் கிடக்கும் ஆறு அங்குலப் பாகைமானிக்கும் பலெர்மோ வட்டத்துக்கும் பொருந்துவது ஒரே நியாயம்.

அவர் பிறைட்டனில் இறந்தது 1800 நவம்பர் 5. இங்கே இலங்கையில் நில அளவைத் திணைக்களம் தொடங்கியது அதே ஆண்டு ஓகஸ்ட் 2.

கடதாசியில் வைத்து வரைதல்

முதலில் வடக்குக் கோடு. 4H பென்சிலைக் கூராக்கி, 30 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் ஒரே இழுப்பில் வரையுங்கள். சிறிய கோட்டில் வளையத்தை நேர்பார்க்க முடியாது. கோட்டில் நிலையப் புள்ளியை (கோணத்தின் உச்சியை) ஊசியால் குத்திக் குறியுங்கள், பென்சிலால் அல்ல.

சிலுவைக் குறியை அந்தத் துளைக்கு மேல் கொண்டுவந்து, செங்குத்தாக மேலிருந்து வில்லையால் பாருங்கள். வளையத்தின் 0, 180 ஆகிய இரண்டு கோடுகளும் வடக்குக் கோட்டில் விழ வேண்டும். 0ஐ மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படுவதுதான் வழக்கமான பிழை. சரிவந்ததும் வளையத்தின் மேல் துணி சுற்றிய ஈயக்கட்டி இரண்டை வையுங்கள். கையால் அமத்திக்கொண்டு வேலை செய்தால் குத்தும் நேரத்தில் வழுக்கும்.

கையைத் தளர்த்தி, திசைகோளுக்குக் கிட்டக் கொண்டுவந்து பூட்டுங்கள். மிச்சத்தை நுண்திருகால் சரிசெய்யுங்கள். எதிர் வேணியரையும் வாசித்து, சராசரி வேண்டிய எண்ணுக்கு வரும்வரை நகர்த்துங்கள். பிறகு நீட்சிகளை விரித்து இரு ஊசிகளையும் அழுத்துங்கள்.

துளைகளை இணைத்த கோடு நிலையப் புள்ளிக்கு மேலாகப் போக வேண்டும். 0.2 மில்லிமீற்றர் பக்கத்தில் போகிறதா? பதறத் தேவையில்லை. வளையம் பக்கவாட்டில் சற்று நகர்ந்து இருந்திருக்கிறது, ஆனால் திரும்பவில்லை. ஆகவே கோட்டின் திசை சரி. நிலையப் புள்ளியினூடாக அதற்குச் சமாந்தரமாக ஒரு கோடு போட்டால் வேலை முடிந்தது. தொடக்கத்தில் அரைவட்டத்தை 1 மில்லிமீற்றர் தள்ளி வைத்து ஒரு பாகைக்கு மேல் இழந்தோம் அல்லவா? இரண்டு துளைகள் இருந்ததால் இங்கே அந்தப் பிழை கோணத்துக்குள் நுழையவே இல்லை.

காணிக்கு ஐந்து மூலை இருந்தால் ஐந்து இடத்தில் வளையத்தை வைக்காதீர்கள். தாளின் நடுவில் ஒரே தடவை பொருத்தி, ஐந்து திசைகோள்களையும் அங்கேயே குத்தி, இலக்கமிட்டு, இணைகோல் கொண்டு உரிய இடங்களுக்கு நகர்த்துவதே முறை. வடக்கு பார்க்கும் பிழை ஐந்து தடவை வராமல் ஒரே தடவையோடு நிற்கும்; வந்தாலும் பிளான் முழுவதும் ஒன்றாகத் திரும்புமே தவிர வடிவம் கெடாது. வரைய முன் உட்கோணங்களைக் கூட்டிப் பார்க்கவும்: ஐந்து மூலைக்கு 540 பாகை வர வேண்டும். வராவிட்டால் பிழை களக்குறிப்பில்; பாகைமானியைத் திட்டிப் பயனில்லை.

கொழும்பில் கவனிக்க வேண்டியது ஈரப்பதன். கடதாசி ஈரத்துக்கு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி விரியாது. நாரின் போக்குக்குக் குறுக்கே கூடுதலாக விரியும். ஒரு திசையில் மட்டும் 0.5 சதவீதம் விரிந்தால் 45 பாகைக் கோடு எட்டரைக் கலை திரும்பிவிடும். குளிரூட்டிய அறையில் பாதி வரைந்துவிட்டு, மிச்சத்தை மழைநாளில் யன்னலோரத்தில் தொடர்ந்தால் வேணியர் பார்த்த பாடு எல்லாம் வீண். ஒரே அறையில், ஒரே இருப்பில் முடியுங்கள். அல்லது பொலியெஸ்ரர் வரைதாள் பாவியுங்கள்.

பழையது ஒன்று கையில் கிடைத்தால்

பழம்பொருட் கடைகளில் இவை வரும். அழகுக்காகப் புதிதாக வார்த்து, பழசு போலக் கறுப்பேற்றியவையும் வரும். வேணியர்தான் காட்டிக்கொடுக்கும். உண்மையான வேணியரில் பூச்சியக் கோடு ஒரு கோட்டோடு பொருந்தும்போது கடைசிக் கோடான 30உம் பொருந்தும், இடையிலுள்ளவை எதுவும் பொருந்தாது. போலியில் எல்லாக் கோடும் ஒன்றாகப் பொருந்தும், அல்லது எதுவுமே ஒழுங்காகப் பொருந்தாது. நகத்தை ஓட்டிப் பாருங்கள்: உளியால் கீறிய கோடு கூராகத் தட்டுப்படும், வார்த்த கோடு மழுங்கலாக வழுக்கும்.

உண்மையானது என்றால் அடுத்த கேள்வி, எவ்வளவு பிழை? 0இலிருந்து 30 பாகைக்கு ஒரு தடவை, வட்டம் முழுவதும், இரண்டு வேணியர்களையும் வாசித்து எழுதுங்கள். எதிர் வாசிப்பிலிருந்து முதல் வாசிப்பையும் 180ஐயும் கழித்தால் வரும் எண்ணைக் கவனியுங்கள். எல்லா இடத்திலும் ஒரே எண் வந்தால் இரு வேணியர்களும் நேரெதிரே பொருத்தப்படவில்லை, அவ்வளவுதான். சராசரியைத் தொடர்ந்து எடுத்தால் அது மாறாத ஒரு பூச்சிய வழுவாகவே நிற்கும். எண் அலைபோல ஏறி இறங்கினால் மையம் விலகியிருக்கிறது. ஒழுங்கே இல்லாமல் தாவினால் கோடுகளே பிழை, அல்லது அச்சாணி ஆடுகிறது. அதைச் சராசரியாலும் காப்பாற்ற முடியாது.

உதாரணமாக 0இல் 2 கலை, 90இல் 6, 180இல் மீண்டும் 2, 270இல் சய 2 என்று வந்தால், மாறாத பங்கு 2 கலை, அலையின் உயரம் 4 கலை. இரண்டு நுனியிலும் பிழை எதிரெதிராக விழுவதால் அந்த நான்கில் பாதி, 2 கலைதான், ஒரு நுனியின் பிழை. 75 மில்லிமீற்றர் ஆரையில் அது 0.044 மில்லிமீற்றர் விலகல். நல்ல கருவி, தாராளமாக வாங்கலாம்.

ஊசிகளையும் சோதியுங்கள். ஏதாவது ஒரு வாசிப்பில் குத்தி, கையைச் சரியாக அரைச் சுற்றுத் திருப்பி மீண்டும் குத்தினால், ஒவ்வோர் ஊசியும் மற்றதன் துளையிலேயே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நீட்சி வளைந்திருக்கிறது அல்லது அதன் கீல் தளர்ந்திருக்கிறது. கீல் தளர்வைத் திருத்தலாம். வளைந்த நீட்சியை விரலால் நிமிர்த்தப் பார்த்தால் இன்னொரு இடத்தில் வளையும்.

கடைசியாகத் துப்புரவு. கடற்காற்றுப் படும் வீடுகளில் பித்தளை சீக்கிரம் பச்சை பிடிக்கும், உண்மைதான். அதற்காகக் குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். சாம்பல், தேசிக்காய், பித்தளை பொலிஷ் எதுவும் வேண்டாம். பழைய கருவிகளின் பொன்னிறம் பித்தளையின் நிறம் மட்டுமல்ல, மேலே பூசிய அரக்கு மெருகின் நிறமும்கூட. புளி அதையும் தின்னும், கோடுகளுக்குள் நிரப்பிய கறுப்பு மெழுகையும் கிளப்பிவிடும். ஸ்பிரிட்டும் ஆகாது, அரக்கு அதில் கரையும். மென்மையான தூரிகையால் தூசு தட்டி, மெல்லிய சவர்க்கார நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றி, உடனே உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தையல் மெசின் எண்ணெய் அச்சாணிக்கு ஒரு துளி, நுண்திருகுக்கு ஒரு துளி. அளவிடையில் படவிடாதீர்கள், தூசு ஒட்டிப் பசையாகிவிடும். பெட்டியில் வைக்கும்போது நீட்சிகளை மடித்து, பூட்டுத் திருகைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கிய திருகோடு மாதக்கணக்கில் கிடந்தால் அது அமர்ந்த இடத்தில் வளையத்தின் விளிம்பில் ஒரு தழும்பு விழும், அடுத்த முறை கை அந்த இடத்தில் வந்து சிக்கும்.